ஒரு சின்ன ஆணிக்காக லாரியை எறிவதா?

பொம்மை லாரி ஒன்று. அதன் பின்னால் நீளமான டிரெய்லர். பையன் கையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியில் உள்ள குச்சியைத் தள்ளினால் லாரி ஓடுகிறது. திருப்பினால் திரும்புகிறது. கம்பி கிடையாது, கயிறு கிடையாது. எல்லாம் ரேடியோ அலை செய்கிற வேலை!

ஒரு நாள் இந்த லாரியில் ஒரு சின்ன ஆணி உடைகிறது. லாரி வேறு, டிரெய்லர் வேறு என்று ஆகிவிடுகிறது. வீட்டில் என்ன செய்கிறோம்? இரண்டையும் தூக்கிப் பரண்மேல் போடுகிறோம். போகி வந்தால் குப்பையில் எறிகிறோம். "அழாதே ராசா, வேறே வாங்கித் தாரேன்" என்று பையனைச் சமாதானம் செய்கிறோம்.

இது தவறு என்பது என் கட்சி.

அந்த ஆணியை நாமே செய்துகொள்ளலாம். நம்மால் செய்ய முடியாத பாகத்தை, பொம்மையைச் செய்து விற்றவர் தர வேண்டும். அவரும் தரமாட்டார், நாமும் செய்யமாட்டோம் என்றால், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சாமான் ஓர் ஆணிக்காகக் குப்பைக்குப் போகிறது.

புதுப்பட்டிப் பையன் எங்கே போவான்?

வத்திராயிருப்புப் பக்கத்தில் இருக்கிறது வ. புதுப்பட்டி. விருதுநகர் மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். நெல்லும் தென்னையும் விளைகிற பூமி. 2025இல் ஒரே ஒரு வீடியோவால் ஊர் உலகமெல்லாம் பெயர் பரவிய கூமாப்பட்டி, இதற்குப் பக்கத்து ஊர்தான்.

இந்த ஊரில் ஒரு பையனிடம் இப்படி ஒரு லாரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாமா வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். ஆணி உடைந்துவிட்டது. அந்தப் பாகம் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. வெளிநாட்டில் இருந்து வரவழைத்தால் தபால் கூலி, பாகத்தின் விலையை விழுங்கிவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமை கூலி முக்கால் பணம் என்பது சரியாகப் போய்விட்டது!

ஆனால், பையன் இருக்கிற இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். வத்திராயிருப்பில் இருந்து கிருஷ்ணன்கோவில். அங்கே கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது அது. அதைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அதற்கும் அப்பால் ராஜபாளையம். 1936இல் ராஜபாளையம் மில் ஏற்பட்டதில் இருந்து அது பஞ்சாலை ஊர். ஆலை இருக்கிற ஊரில் லேத்துப் பட்டறை இருக்கும். பட்டறை இருந்தால் இரும்பைக் கடையத் தெரிந்த கை இருக்கும். ஆலை இயந்திரத்துக்குப் புஷ் கடைகிற கைக்கு, பொம்மை லாரியின் ஆணி எம்மாத்திரம்?

அது என்ன ஆணி?

சாலையில் ஓடுகிற பெரிய கன்டெய்னர் லாரியைப் பாருங்கள். செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போகிற வண்டிகள் ராஜபாளையத்தைத் தாண்டித்தான் போகின்றன. முன்னால் இருக்கிற வண்டி இழுக்கிறது. பின்னால் இருக்கிற டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது. இரண்டையும் சேர்ப்பது எது?

டிரெய்லரின் முன்பக்கத்து அடியில், தலைகீழாக ஓர் இரும்பு முளை தொங்கும். அதற்குக் கிங் பின் என்று பெயர். இழுக்கிற வண்டியின் முதுகில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். முளை அந்தத் தட்டின் வாயில் போய் மாட்டிக்கொள்ளும். தட்டுக்கு ஐந்தாவது சக்கரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் சக்கரம், அது தரையில் உருளாது! வண்டி வளைவில் திரும்பும்போது டிரெய்லர் இந்த முளையைச் சுற்றித்தான் திரும்பும்.

உண்மை லாரியில் இந்த முளையின் கனம் சாதாரணமாக 2 அங்குலம். அதாவது 50.8 மில்லிமீட்டர். அத்தனை பாரத்தையும் இழுப்பது அதுதான்.

பொம்மை லாரிகளில் பெயர்போன அளவு ஒன்று உண்டு. உண்மை லாரியில் 14இல் ஒரு பங்கு. 40 அடி கன்டெய்னர் 12.19 மீட்டர் நீளம். அதைப் பதினாலால் வகுத்தால் 87 சென்டிமீட்டர். அகலம் 2.44 மீட்டர், வகுத்தால் பதினேழரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கிங் பின்னை வகுத்தால்? மூன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு பெரிய ஆணியின் கனம்தான்!

பள்ளிக்கூடத்தில் வகுத்தல் கணக்குப் போடச் சொன்னால் ஓடுகிற பையன், இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பானா? அவனே பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருவான். பெண் குழந்தைகளையும் உட்கார வையுங்கள். அரம் பிடிக்க ஆண் கைதான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கையில் இருப்பதை வைத்தே

கிங் பின்னுக்கு லேத்துக்குக்கூடப் போக வேண்டாம். 4 மில்லிமீட்டர் போல்ட் ஒன்று போதும். ஆனால் ஒரு விஷயம். முழுக்க மரை ஓடின போல்ட்டை வாங்காதீர்கள். மரை, தட்டின் வாயை ராவித் தின்றுவிடும். பாதிக்கு மேல் வழவழப்பாக இருக்கிற போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். தலை கீழே தொங்கும்படி, டிரெய்லரின் அடியில் இருந்து மேலே செருக வேண்டும். மேலே நட்டுப் போட்டு இறுக்க வேண்டும். கீழே தொங்குகிற தலைதான் முளை நழுவாமல் பிடிக்கும். தலை பெரிதாக இருந்தால் அரத்தால் ராவிச் சின்னதாக்குங்கள். உடைந்த பழைய முளையை எறிந்துவிடாதீர்கள். அளவு அதில்தான் இருக்கிறது. பொம்மைக்குப் பொம்மை அளவு மாறும்.

டிரெய்லருக்கு அடியில் பட்டை இருக்கும். லாரிக்காரர்கள் பட்டை என்று சொல்லுவது வில்லைத்தான். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகள். பள்ளத்தில் விழுந்தால் அதிர்ச்சியைத் தாங்குவது அது. பொம்மைப் பட்டை பிளாஸ்டிக்கில் இருந்தால் சீக்கிரம் முறியும். பேல் கட்டுகிற மெல்லிய இரும்புப் பட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? பஞ்சாலை ஊரில் அதற்குப் பஞ்சமா? தகடு வெட்டுகிற கத்தரியால் அதை வெட்டி, மூன்று துண்டை நீளம் குறைத்து அடுக்கினால் அசல் லாரிப் பட்டை போலவே இருக்கும். விளிம்பு கையை அறுக்கும். அறுத்த உடனே ராவி மழுக்குங்கள்.

சின்ன டிரெய்லருக்கு அச்சு வேண்டுமா? சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2 மில்லிமீட்டர் கனம். ஒரு முனையில் மரையும் அதற்கேற்ற நிப்பிளும் அதிலேயே இருக்கிறது! 14இல் ஒரு பங்கு லாரியின் அச்சு இதைவிடக் கனம், அதற்கு இந்தக் கம்பி வளையும். அதைக் கடைசல் பட்டறையில்தான் செய்ய வேண்டும். சட்டத்துக்கு, அலுமினிய ஜன்னல் செய்கிற கடையில் வெட்டிப் போட்ட துண்டுகள். மட்காட்டுக்கு, தண்ணீர்க் குழாய் துண்டு. குழாயை நெடுக்காக அறுத்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் இளகும். இடுக்கியால் எடுத்து வேண்டியபடி வளைத்துக்கொள்ளலாம். நெருப்பில் காட்டவே கூடாது. அந்தப் புகை விஷம். கொதிக்கிற தண்ணீர் வேலை பெரியவர்களுடையது.

இந்த யோசனைகள் நமக்குப் புதிதா என்ன? நுங்குக் கூந்தலில் வண்டி செய்தது யார்? தேய்ந்த ரப்பர்ச் செருப்பில் வட்டம் வெட்டிச் சக்கரமாக்கியது யார்? தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயில் ஓட்டியது யார்? நம் அப்பாவும் தாத்தாவும்தான். அவர்கள் வண்டி உடைந்தால் அழமாட்டார்கள். செய்யத் தெரிந்தவனுக்கு உடைந்ததைச் சேர்க்கவும் தெரியும். கடையில் வாங்கிய பொம்மை வந்த பிறகுதான் இந்தக் கை மறந்துபோயிற்று.

கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) கதை தெரிந்ததுதான். வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றினாரா? இல்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்து, திரும்பப் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். 1937இல் நம் நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. கழற்றிப் பார்த்ததில் பிறந்த தொழில் அது!

பட்டறையில் என்ன கேட்பது?

பையனை அழைத்துக்கொண்டு அப்பா ராஜபாளையத்துக்குப் போகிறார். லேத்துப் பட்டறையில் நிற்கிறார்கள்.

"அண்ணாச்சி, இந்த அச்சு மாதிரி ஒண்ணு கடைஞ்சு தரணும்."

"அளவு இருக்கா?"

"இதுதான், பாதி உடைஞ்சது."

"உடைஞ்சதுல நீளம் எப்படித் தெரியும் தம்பி? வண்டியைக் கொண்டாங்க."

பாதிப் பேர் இந்த இடத்தில்தான் திரும்பி வருகிறார்கள். வண்டியையே கொண்டுபோக வேண்டும். அல்லது படம் போட்டு, கனம் இவ்வளவு, நீளம் இவ்வளவு, துளை இவ்வளவு என்று எழுதிக்கொண்டு போக வேண்டும். படம் போடுவது பையனின் வேலையாக இருக்கட்டும். பட்டறைக்காரருக்குச் சின்ன வேலையில் லாபம் இல்லை. ஆகவே அவசரப்படுத்தாதீர்கள். வேலை குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள். இரண்டு அச்சாகச் செய்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு ஆகிற மெனக்கேடுதான் இரண்டுக்கும்.

கூலி கட்டுப்படியாகுமா என்று கேட்பீர்கள். திருவிழாக் கடையில் வாங்குகிற மலிவுப் பொம்மைக்குக் கட்டுப்படி ஆகாது. அதை நான் மறைக்கவில்லை. அதற்குப் போல்ட்டும் எம்-சீலும் போதும். பெரிய லாரிக்குக் கண்டிப்பாகக் கட்டுப்படி ஆகும்.

இப்போது 3டி பிரிண்டர் என்று ஓர் இயந்திரம் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் படம் போட்டால் பிளாஸ்டிக்கை இளக்கி, இழை இழையாக அடுக்கி, பாகத்தையே செய்து கொடுத்துவிடும். ஓர் அடுக்கின் கனம் சாதாரணமாக 0.2 மில்லிமீட்டர். விளக்குக் கூடு, ஏணி, டிரெய்லரின் கால் இவற்றுக்கு இதைப்போல வசதி வேறு இல்லை. ஆனால் கிங் பின்னை இதில் செய்யாதீர்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பலம் குறைவு. நிற்கவைத்து அடுக்கிய முளை, இழுத்த இழுப்பில் அடுக்கோடு பிளந்துவிடும். இன்னொன்று. இந்த இயந்திரத்தில் அதிகம் புழங்குகிற பிளாஸ்டிக் பி.எல்.ஏ. அது 60 டிகிரி சூட்டில் இளக ஆரம்பிக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், கதவு மூடிய காருக்குள் வைத்தால் கோணிப்போகும். சூடு தாங்க பி.இ.டி.ஜி. நல்லது.

விற்றவர் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது. லாரியின் உள்ளே இருக்கிற பல் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லின் எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும். பல்லின் அளவும் சரியாக இருக்க வேண்டும். ஒரு மயிரிழை தப்பினாலும் கரகரவென்று சத்தம் போட்டு, கூட இருக்கிற நல்ல சக்கரத்தையும் கெடுக்கும். அரத்தால் ராவி அதைச் செய்ய முடியாது. ரேடியோ அலையை வாங்குகிற பலகையும் அப்படியே.

ரேடியோவால் வண்டி ஓட்டுவது நேற்று வந்த வித்தை அல்ல. 1898இல் நிகோலா டெஸ்லா என்ற மேதை, நியூயார்க்கில் ஒரு தொட்டித் தண்ணீரில் சின்னப் படகைக் கம்பி இல்லாமல் ஓட்டிக் காட்டினார். கூடியிருந்தவர்கள் மாயமோ மந்திரமோ என்று திகைத்தார்கள். இன்று அந்த வித்தை குழந்தைகள் கைக்கு வந்துவிட்டது. உள்ளங்கை அகலப் பலகை. அது கெட்டால் அதே மாதிரி வேறு பலகைதான் வேண்டும்.

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்தில் டாமியா என்று ஒரு கம்பெனி. 1946இல் மரத் தொழிலாக ஆரம்பித்தது. பிறகு பொம்மை மாதிரிகளில் இறங்கி உலகப் பெயர் எடுத்தது. 14இல் ஒரு பங்கு டிரெய்லர் லாரிகளை விற்கிறது. பெட்டியைத் திறந்தால் லாரி இருக்காது! துண்டு துண்டாகப் பாகங்கள் இருக்கும். ஒரு புத்தகம் இருக்கும். புத்தகத்தைப் பார்த்து நாமே பூட்ட வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். உடைந்தால் எண்ணைச் சொல்லிப் பாகத்தைத் தனியே வாங்கிக்கொள்ளலாம். பூட்டினவனுக்குக் கழற்றவும் தெரிந்துவிடுகிறது. விலை மிகவும் அதிகம்தான். ஆனால் முறை நல்ல முறை. மற்றவர்கள் இதைப் பார்த்துப் படிக்கக் கூடாதா?

மத்திய அரசு 2022 ஜூலையில், "ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை" பற்றி ஆராய ஒரு குழுவை ஏற்படுத்தியது. சாமானை வாங்கியவருக்கு உதிரி பாகமும் ரிப்பேர் விவரமும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த ஆண்டு டிசம்பரில் இதற்காக ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. முதலில் எடுத்துக்கொண்ட இனங்கள் நான்கு: விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகச் சாமான், மோட்டார் வாகனம். பொம்மைக்கு அதில் இடம் இல்லை.

ஏன் இல்லை? பொம்மை விஷயத்தில் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லையே! வெளிநாட்டுப் பொம்மைக்கு இறக்குமதி வரி 20 சதவீதமாக இருந்தது. 2020இல் அது 60 சதவீதம் ஆயிற்று. 2023இல் 70 சதவீதம். 2021 ஜனவரி முதல் தேதியில் இருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கூரான முனை இருக்கிறதா, விஷச் சாயம் இருக்கிறதா, மின்சாரப் பொம்மை சூடேறுகிறதா என்று சோதித்த பிறகே விற்க வேண்டும். இவ்வளவும் நல்லது. இவ்வளவு செய்தவர்களுக்கு இன்னும் ஒரு வரி எழுதக் கஷ்டமா? "இன்ன விலைக்கு மேற்பட்ட மின்சாரப் பொம்மைக்கு உதிரி பாகம் இத்தனை ஆண்டு கிடைக்க வேண்டும்; பாகங்களின் படமும் அளவும் பெட்டியில் இருக்க வேண்டும்." இதைத்தான் கேட்கிறேன். அளவு தெரிந்தால் பல்லுச் சக்கரத்தைத் தவிர மற்றதை நம் பட்டறைகளே செய்துவிடும்.

பொம்மைக்காக இவ்வளவு வாதாடுவதா என்று சிலர் சிரிக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஓடுகிறது. ஒரு சட்டம் உளுத்துப்போனால் தேரையே விறகுக்குப் போடுகிறோமா? அந்தச் சட்டத்தை மாற்றுகிறோம். திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்தது. பெரியவர்களின் தேருக்கு ஒரு நியாயம், பிள்ளையின் தேருக்கு ஒரு நியாயமா?

கடையில் வாங்கும்போதே கேளுங்கள். "இதுக்கு ஸ்பேர் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். திருகு போட்டுப் பூட்டியதா, பசை போட்டு ஒட்டியதா என்று பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒட்டியதை வாங்காதீர்கள். அதைத் திறக்க முடியாது.

ரிப்பேர் செய்யும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அரத்தைத் தொட வேண்டும். லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் குத்தக் கூடாது, நசுக்கக் கூடாது. தீப்பிடிக்கும். அதை மட்டும் ரிப்பேர் செய்ய நினைக்கவே வேண்டாம். கழற்றிய திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கிண்ணம் உயரத்தில் இருக்கட்டும்.

பள்ளிக்கூடத்து இயந்திரம்

கடைசியாகப் பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வார்த்தை. 2016 முதல் நிதி ஆயோக், "அடல் டிங்கரிங் லேப்" என்ற பெயரில் பள்ளிகளில் செய்முறைக் கூடங்களை வைத்துக் கொடுக்கிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி. 6ஆம் வகுப்பில் இருந்து 12ஆம் வகுப்பு வரை பிள்ளைகள் அங்கே வேலை செய்யலாம். பத்தாயிரம் பள்ளிகளில் வந்துவிட்டது. இன்னும் 50 ஆயிரம் பள்ளிகளுக்கு, ஐந்து ஆண்டுகளில் தருவதாக 2025 பட்ஜெட்டில் சொன்னார்கள். 3டி பிரிண்டரும் அந்தக் கூடத்துச் சாமான்களில் ஒன்று.

அந்த இயந்திரத்தைக் கண்காட்சி அன்றைக்கு மட்டும் துணி விலக்கிக் காட்டுவதில் என்ன பிரயோசனம்? மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் உடைந்த பொம்மையோடு வரட்டும். அந்தப் பள்ளியில் படிக்காத பிள்ளையும் வரட்டும். கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர் இரண்டு பேர் வந்து வெர்னியர் பிடித்து அளக்கச் சொல்லிக் கொடுக்கட்டும். ராஜபாளையத்துப் பட்டறைக்காரர் ஒருவரை மரியாதையோடு அழைத்து நாற்காலி போடுங்கள். எது பிளாஸ்டிக்கில் நிற்கும், எது இரும்பில்தான் நிற்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

வாசலில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் பிள்ளை தன் கையால் எழுத வேண்டியது நான்கு வரி: பெயர், ஊர், உடைந்த பாகம், அதன் அளவு. அளவு எழுதாமல் வருகிற பிள்ளையின் கையில் ஸ்கேலைக் கொடுத்து, வரிசையின் கடைசியில் உட்கார வையுங்கள்.